சர்வருக்கு இரண்டு கேபிள்: மலையிலிருந்து வந்த கேள்விகள்

நீலகிரியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் வந்த கேள்விகளில், சர்வரின் நெட்வொர்க் கார்டுகளை ஒன்றாக இணைப்பது பற்றியவற்றை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம். லினக்ஸில் இதை பாண்டிங் என்பார்கள், விண்டோஸில் டீமிங். பெயர்தான் வேறு, வேலை ஒன்று. லினக்ஸில் கார்டுகள் வேலையைப் பங்கிடும் முறைகளுக்கு 0 முதல் 6 வரை எண் உண்டு, அதைத்தான் மோடு என்கிறோம். மோடு 4, சர்வரும் ஸ்விட்சும் ஒன்றோடொன்று பேசிக் கேபிள்களைச் சேர்க்கும் எல்.ஏ.சி.பி. நெறிமுறையில் ஓடுவது.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் உபுண்டு சர்வர் ஓடுகிறது. 1 கிகாபிட் கார்டு இரண்டை மோடு 4-ல் பாண்ட் செய்து, ஸ்விட்சிலும் எல்.ஏ.சி.பி. போட்டாகிவிட்டது. ஆனாலும் பேக்கப் பெட்டிக்கு ஃபைல் காப்பி செய்தால் வினாடிக்கு 112 மெகாபைட்டுக்கு மேல் ஏறவே இல்லை. எங்கே தப்பு செய்தேன்?
– தேயிலைத் தொழிற்சாலை கணினிப் பொறுப்பாளர், கோத்தகிரி

பதில்: நீங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. 1 கிகாபிட் என்பது கணக்குக்கு 125 மெகாபைட். ஒவ்வொரு பாக்கெட்டின் தலைப்பும் இடைவெளியும் போக 117, 118 மிஞ்சும். 112 வருகிறது என்றால் உங்கள் ஒரு கார்டு ஏறக்குறைய முழு மூச்சில் ஓடுகிறது. இன்னொன்று சும்மா இருக்கிறது, அவ்வளவுதான்.

உதகையிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்க குன்னூர் வழி ஒன்று, உங்கள் ஊர் வழி ஒன்று. இரண்டும் திறந்திருந்தால் ஒரு மணி நேரத்தில் இறங்கும் வண்டிகள் கூடும். ஆனால் ஒரு பஸ் பாதி குன்னூர் வழியாகவும் பாதி கோத்தகிரி வழியாகவும் போகாது. நெட்வொர்க்கிலும் ஒரு இணைப்பின் பாக்கெட்டுகள் எல்லாம் ஒரே கேபிளில்தான் போகும். பிரித்து அனுப்பினால் பின்னால் கிளம்பியது முன்னால் போய்ச் சேரும், பாக்கெட்டுகள் வரிசையாக வருகின்றனவா என்று கவனிக்கும் டி.சி.பி. நெறிமுறை அதைத் தொலைந்த பாக்கெட் என்று எடுத்துக்கொண்டு திரும்ப அனுப்பச் சொல்லும். மோடு 0 இப்படித்தான் மாற்றி மாற்றி அனுப்புகிறது. வேகத்துக்கு ஆசைப்பட்டு அதற்கு மாறிவிடாதீர்கள். லினக்ஸில் மோடு எதுவும் குறிப்பிடாவிட்டால் கிடைப்பதும் மோடு 0-தான் என்பதால், மோடை எப்போதும் எழுதியே வையுங்கள்.

எந்த இணைப்பு எந்தக் கேபிளில் போகும் என்பதை ஒரு சின்னக் கணக்கு முடிவு செய்கிறது. லினக்ஸ் தானாக எடுத்துக்கொள்வது 'லேயர் 2' கணக்கு. அனுப்புபவர், பெறுபவர் இருவரின் மேக் முகவரியிலும் (கார்டுக்கென்று உள்ள அடையாள எண்) கடைசி எண்ணை எடுத்து ஒன்றோடொன்று எக்ஸ்ஓஆர் (இரும எண்களின் வேறுபாட்டை எடுக்கும் கணக்கு) செய்து, கார்டுகளின் எண்ணிக்கையால் வகுத்து, மீதியைப் பார்க்கும். கார்டு இரண்டு என்றால் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பதுதான் விஷயம். சர்வரின் மேக் 20 என்று முடிகிறது, மேசைக் கணினிகள் 31, 45, 97 என்று முடிகின்றன என்று வையுங்கள். மூன்றும் ஒற்றைப்படை, மூன்றும் ஒரே கேபிளில் நெருக்கியடிக்கும். இதைவிட மோசமான நிலை ஒன்று உண்டு. ரூட்டரைத் தாண்டி வெளியூரிலிருந்து வருபவர்கள் எத்தனை பேராக இருந்தாலும், சர்வர் பதில் அனுப்புவது ரூட்டரின் மேக் முகவரிக்கே. மேக் ஒன்று, அதனால் கேபிளும் ஒன்று. கிளை அலுவலகங்கள் பயன்படுத்தும் சர்வரில் லேயர் 2 கணக்கு கிட்டத்தட்ட பயனற்றது.

அதனால் கணக்கை 'லேயர் 3+4' என்று மாற்றுங்கள். ஐ.பி. முகவரியோடு போர்ட் எண்ணும் (ஸ்விட்சின் துளை அல்ல, மென்பொருள் இணைப்பின் எண்) கணக்கில் சேர்வதால், ஒரே கணினியிலிருந்து வரும் நான்கு இணைப்புகள்கூட இரண்டு கேபிளுக்கும் பிரிய வாய்ப்புண்டு. உடைந்து வரும் பாக்கெட்டுகளில் இது தரநிலையை முழுதாகப் பின்பற்றுவதில்லை. வழக்கமான ஃபைல், டேட்டாபேஸ் வேலைக்கு அதனால் தொல்லை வராது. இன்னொன்றையும் மறக்க வேண்டாம்: நீங்கள் மாற்றுவது சர்வரிலிருந்து வெளியே போகும் பக்கம் மட்டும். உள்ளே வருவதை எந்தக் கேபிளில் தள்ளுவது என்று ஸ்விட்ச் தன் கணக்குப்படி முடிவு செய்யும். ஸ்விட்சின் அமைப்புப் பக்கத்தில் லோடு பேலன்சிங் என்ற இடத்தில் ஐ.பி. அல்லது போர்ட் வைத்துப் பிரிக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். விலை குறைந்த ஸ்விட்சுகள் பலவற்றில் மேக் மட்டுமே இருக்கும்.

சோதிப்பதற்கு ஒரு காப்பி போதாது. சர்வரில் வேகம் அளக்கும் ஐபெர்ஃப்3 மென்பொருளை 5201, 5202 என்று இரண்டு போர்ட்டில் ஓடவிடுங்கள். ஒரு போர்ட்டில் ஒரு நேரத்தில் ஒரு சோதனையைத்தான் அது ஏற்கும். இரண்டு கணினிகளிலிருந்து ஒரே நேரத்தில், தலா நான்கு இணைப்பு வீதம், சர்வரிலிருந்து இழுக்கும் திசையில் ஓட்டுங்கள். இரண்டின் கூட்டுத்தொகை 1 கிகாபிட்டைத் தெளிவாகத் தாண்டினால் பாண்ட் சரியாக வேலை செய்கிறது.

பேக்கப் மட்டும் வேகமாக வேண்டும் என்றால் பாண்டிங் அதற்கு வழியல்ல. உங்கள் பேக்கப் பெட்டியில் ஒரே ஒரு 1 கிகாபிட் போர்ட் இருந்தால், சர்வரில் நான்கு கார்டு போட்டாலும் அந்த ஒரு போர்ட்டுக்கு மேல் போகாது. இரு பக்கமும் 2.5 கிகாபிட் கார்டு, நடுவில் அதற்கேற்ற ஸ்விட்ச் போடுங்கள். ஏற்கெனவே சுவரில் ஓடும் கேட் 5இ கேபிளிலேயே 100 மீட்டர் வரை 2.5 கிகாபிட் ஓடும். 10 கிகாபிட் என்றால் கேட் 6-ல் அதிகபட்சம் 55 மீட்டர்தான். 100 மீட்டர் வேண்டுமானால் கேட் 6ஏ இழுக்க வேண்டும்.

கேள்வி: எங்களிடம் இருப்பது அமைப்புப் பக்கம் எதுவும் இல்லாத சாதாரண ஸ்விட்ச். இரண்டு கேபிளையும் அதிலேயே குத்தினால் போதுமா?
– மருத்துவமனை அலுவலர், கூடலூர்

பதில்: மோடு 1 போட்டுக் குத்துங்கள். ஒரு கார்டு வேலை செய்யும், மற்றது காத்திருக்கும். ஸ்விட்சுக்கு இதைப் பற்றி எதுவும் தெரிய வேண்டியதில்லை. மோடு 0, 2, 4 மூன்றுக்கும் ஸ்விட்ச் ஒத்துழைக்க வேண்டும். அது இல்லாமல் போட்டால் ஒரே மேக் முகவரி இரண்டு போர்ட்டில் மாறி மாறித் தென்படும், ஸ்விட்ச் தடுமாறும், சில கணினிகளுக்கு மட்டும் காரணமே தெரியாமல் இணைப்பு விட்டு விட்டு வரும். மோடு 5, 6 இரண்டும் சாதாரண ஸ்விட்சிலும் ஓடும், சுமையையும் பங்கிடும். ஆனால் மோடு 6, ஒவ்வொரு கணினிக்கும் ஏ.ஆர்.பி. (ஒரு ஐ.பி. முகவரிக்குரிய மேக் எது என்று கேட்கும் முறை) பதிலில் வேறு வேறு மேக் முகவரியைச் சொல்லித்தான் உள்ளே வரும் சுமையைப் பிரிக்கிறது. பிரச்சினை வந்தால் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம். நோயாளி பதிவு ஓடும் இடத்தில் எங்கள் சிபாரிசு மோடு 1 மட்டும்தான்.

இன்னொரு சாதாரண ஸ்விட்ச் வாங்கி, இரண்டாவது கேபிளை அதில் குத்தி, இரண்டு ஸ்விட்சையும் ஒரே ஒரு கேபிளால் இணைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஸ்விட்சில் இரண்டு கேபிள் என்றால் காப்பாற்றப்படுவது கேபிளும் கார்டும் மட்டுமே. குன்னூர் வழியும் கோத்தகிரி வழியும் மேட்டுப்பாளையத்தில் போய்ச் சேர்வது போல இரண்டு கேபிளும் அந்த ஒரு பெட்டியில் முடிகின்றன. அதன் அடாப்டர் எரிந்தால் எல்லாம் நிற்கும். இரண்டு ஸ்விட்சையும் இணைக்கும் கேபிள் ஒன்றுதான் இருக்க வேண்டும். சாதாரண ஸ்விட்சில் இரண்டு போட்டால் டேட்டா சுற்றிச் சுற்றி வந்து லூப் ஆகி மொத்த நெட்வொர்க்கும் உறைந்துவிடும்.

கேள்வி: சர்வர் நிர்வாகக் கட்டடத்தில் இருக்கிறது, மைய ஸ்விட்ச் சுமார் 300 மீட்டர் தள்ளி வகுப்பறைக் கட்டடத்தில். இரண்டு ஃபைபர், இரண்டு ஜோடி மீடியா கன்வர்ட்டர் (ஃபைபரையும் காப்பர் கேபிளையும் இணைக்கும் பெட்டி), மோடு 1 பாண்ட். காற்றில் மரம் சாய்ந்து ஒரு ஃபைபர் அறுந்தது. பாண்ட் மாறவே இல்லை. கார்டில் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. கேபிளை நாங்கள் கையால் பிடுங்கிய பிறகுதான் இரண்டாவது பாதை வேலை செய்தது. ஏன்?
– பள்ளிக் கணினி ஆய்வகப் பொறுப்பாளர், கொடைக்கானல்

பதில்: மலையில் கட்டடத்துக்குக் கட்டடம் ஃபைபர் இழுத்திருப்பவர்கள் எல்லோரும் இதைப் படிக்க வேண்டும்.

எம்.ஐ.ஐ. கண்காணிப்பு என்று நாம் போடுவது ஒன்றை மட்டுமே பார்க்கிறது: கார்டின் வாயில் சிக்னல் இருக்கிறதா இல்லையா. உங்கள் கார்டுக்கு எதிரில் இருப்பது ஸ்விட்ச் அல்ல, கன்வர்ட்டர். அதற்குக் கரண்ட் இருக்கும்வரை ஃபைபர் பக்கம் செத்தாலும் காப்பர் பக்கம் பச்சை எரியும். பாதை அறுந்த சேதி சர்வரின் காதுக்கே போகவில்லை.

இதற்கு இரண்டு வழிகள். முதலாவது கன்வர்ட்டரிலேயே இருக்கலாம். பல கன்வர்ட்டர்களின் பக்கவாட்டில் சின்னச் சின்ன டிப் ஸ்விட்ச் வரிசை இருக்கும்; அதில் எல்.எஃப்.பி. அல்லது எல்.எல்.எஃப். என்று எழுதியதை ஆன் செய்தால், ஃபைபர் போனதும் அது காப்பர் பக்கத்தையும் அணைத்துவிடும். ஜோடியின் இரு முனையிலும் ஆன் செய்ய வேண்டும். ஆன் செய்ததும் ஃபைபரைக் கழற்றி, சர்வர் பக்க விளக்கு அணைகிறதா என்று கண்ணால் பாருங்கள்.

இரண்டாவதுதான் நாங்கள் அதிகம் நம்புவது: சிக்னலை விட்டுவிட்டு, அக்கரையில் இருக்கும் ஓர் ஆளைக் கூப்பிட்டுப் பார்ப்பது. பாண்டில் எம்.ஐ.ஐ. இடைவெளியை 0 ஆக்கி, ஏ.ஆர்.பி. இடைவெளியை 1000 மில்லிசெகண்டு என்று வையுங்கள். இரண்டையும் சேர்த்து வைக்கக் கூடாது. இலக்காக இரண்டு ஐ.பி. கொடுங்கள்: ஒன்று ரூட்டர், இன்னொன்று மைய ஸ்விட்சின் நிர்வாக முகவரி. இரண்டும் அக்கரையில், சர்வரின் அதே சப்நெட்டில் (ரூட்டரைத் தாண்டாத ஒரே நெட்வொர்க் பகுதி) இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் கொடுத்தால், ரூட்டரை ரீஸ்டார்ட் செய்யும் ஒவ்வொரு முறையும் இரண்டு பாதையும் செத்ததாக நினைத்து சர்வரே கீழே போய்விடும். சரிபார்ப்பை 'ஆல்' என்று வையுங்கள். இல்லாவிட்டால் யாரோ அனுப்பிய பிராட்காஸ்ட் காதில் விழுந்தாலும் பாதை உயிரோடு இருப்பதாகக் கணக்கு வைத்துக்கொள்ளும். இப்படி வைத்தால் ஃபைபர் அறுந்த சில வினாடிகளில் மாறிவிடும். மோடு 4, 5, 6 மூன்றிலும் இந்த ஏ.ஆர்.பி. வழி கிடையாது, உங்களுடையது மோடு 1 என்பதால் கவலையில்லை.

முதன்மைக் கார்டு என்று ஒன்றைக் குறித்திருந்தால், மறுதேர்வை 'ஃபெயிலியர்' என்று மாற்றுங்கள். முன்னிருப்பு 'ஆல்வேஸ்'. காற்றில் ஆடும் ஃபைபர் வந்து வந்து போனால், ஒவ்வொரு முறையும் பாண்ட் அதற்கே ஓடித் திரும்பும்.

கடைசியாக, உங்கள் இரண்டு ஃபைபரும் ஒரே கம்பத்தில் தொங்குகின்றனவா? அப்படியானால் அடுத்த மரம் இரண்டையும் சேர்த்தே வீழ்த்தும். ஒன்றையாவது குழாயில் போட்டு மண்ணுக்குள் வேறு வழியில் கொண்டுபோங்கள். மின்னலுக்குப் பயந்து காப்பரை விட்டு ஃபைபருக்கு வந்தது மிகச் சரி. ஆனால் ஆர்மர்டு ஃபைபரில் இருக்கும் இரும்பு உறையும் மின்னலை உள்ளே இழுத்து வரும். கட்டடத்துக்குள் நுழையும் இடத்திலேயே அந்த உறைக்கு எர்த் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: மோடு 4 பாண்ட். இரண்டு கார்டும் 'அப்' என்றே காட்டுகிறது. ஆனால் ஒன்றில் டேட்டா போவதே இல்லை. லேயர் 3+4 போட்டும் பலனில்லை.
– தணிக்கை அலுவலகப் பணியாளர், குன்னூர்

பதில்: பாண்டின் நிலையைக் காட்டும் ஃபைல், புராக் கோப்புறைக்குள் நெட், அதற்குள் பாண்டிங், அதற்குள் உங்கள் பாண்டின் பெயரில் இருக்கும். திறந்து, ஒவ்வொரு கார்டுக்கும் கீழே மூன்று வரிகளைப் பாருங்கள்.

வேகம் என்ற வரியில் ஒன்றில் 1000, மற்றதில் 100 என்று இருக்கிறதா? அக்ரிகேட்டர் எண் (கார்டு எந்தக் கூட்டத்தில் சேர்ந்திருக்கிறது என்பதன் எண்) ஒன்றில் 1, மற்றதில் 2 என்று இருக்கிறதா? அப்படியானால் காரணம் கேபிள்தான். வேகம் ஒத்துப்போகாத கார்டுகளை மோடு 4 ஒரே கூட்டத்தில் சேர்க்காது. ஒரு கூட்டம் மட்டுமே வேலை செய்யும், மற்றது சும்மா நிற்கும். 1 கிகாபிட்டுக்கு நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு 1-2, 3-6 என்ற இரண்டு ஜோடியே போதும். 4-5 அல்லது 7-8-ல் ஒரு கம்பி விட்டுப்போனால், பல கார்டுகள் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கி, 'அப்' என்றே காட்டிக்கொண்டிருக்கும். பனிமூட்டம் புகும் அறைகளில் ஆர்.ஜே.45 முனையின் பற்களில் பச்சை பூத்து இப்படி ஆவது உண்டு. முனையை வெட்டிவிட்டுப் புது முனை கிரிம்ப் செய்யுங்கள். பேட்ச் கேபிள் என்றால் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது போடுங்கள்.

வேகம் இரண்டிலும் 1000-தான், ஆனால் எதிர்முனையின் மேக் முகவரி முழுவதும் பூஜ்யம் என்று இருந்தால் கதை வேறு. அந்தப் போர்ட்டில் ஸ்விட்ச் எல்.ஏ.சி.பி. பேசவில்லை. பெரும்பாலும் ஸ்விட்சில் பக்கத்துப் போர்ட்டில் குத்தியிருப்பீர்கள். ஸ்விட்சில் ஸ்டேட்டிக் என்று போட்டிருந்தாலும் இப்படித்தான் தெரியும், அதை எல்.ஏ.சி.பி. ஆக்டிவ் என்று மாற்றுங்கள். இரண்டு கார்டும் தனித்தனி ஸ்விட்சில் இருந்து, அந்த ஸ்விட்சுகள் ஸ்டாக் செய்யப்படாதவை (ஒரே ஸ்விட்ச் போல இயங்க இணைக்கப்படாதவை) என்றால் அக்ரிகேட்டர் எண் வேறாகத்தான் இருக்கும். அங்கே மோடு 1 போதும்.

கேள்வி: விண்டோஸ் சர்வர் 2022. சர்வர் மேனேஜரில் டீம் உருவாக்கிவிட்டேன். அதன் மேல் ஹைப்பர்-வி வெர்ச்சுவல் ஸ்விட்ச் (வெர்ச்சுவல் மெஷின்களை நெட்வொர்க்கோடு இணைக்கும் மென்பொருள் ஸ்விட்ச்) போட முயன்றால் ஏற்க மறுக்கிறது.
– விடுதி நிர்வாகக் கணினிப் பிரிவு, உதகை

பதில்: 2012-ல் வந்த அந்தப் பழைய டீமிங்கின் மேல் ஹைப்பர்-வி ஸ்விட்ச் போடுவதை 2022 பதிப்பு அனுமதிப்பதில்லை. அதைச் சுற்றிக்கொண்டு போக ஒரு வழி இருந்தாலும் வேண்டாம். டீமைக் கலைத்துவிட்டு, 2016 முதல் இருக்கும் செட் (ஸ்விட்ச் எம்பெடட் டீமிங்) என்ற முறைக்கு வாருங்கள். இதில் டீம் என்று தனியாக ஒன்று கிடையாது, வெர்ச்சுவல் ஸ்விட்சே கார்டுகளைச் சேர்த்துக்கொள்ளும். ஹைப்பர்-வி மேனேஜரின் ஜன்னலில் இதற்கு இடமில்லை. பவர்ஷெல்லில் வெர்ச்சுவல் ஸ்விட்ச் உருவாக்கும் கட்டளையிலேயே இரண்டு கார்டுகளின் பெயரையும் காற்புள்ளி இட்டுக் கொடுத்து, எம்பெடட் டீமிங்கை ஆன் செய்ய வேண்டும்.

கார்டுகள் ஒரே நிறுவனம், ஒரே மாடல், ஒரே வேகமாக இருக்க வேண்டும். அதிகபட்சம் 8 கார்டு. செட் எல்.ஏ.சி.பி. பேசாது; ஸ்விட்சில் அந்தப் போர்ட்டுகளைச் சாதாரணமாக, ஒரே வீலான் (ஒரு ஸ்விட்சைத் தனித்தனி நெட்வொர்க்காகப் பிரிப்பது) அமைப்போடு விடுங்கள். 2019 முதல் முன்னிருப்பாக ஒவ்வொரு வெர்ச்சுவல் மெஷினும் ஒரு கார்டில் உட்கார்ந்துவிடும், அதனால் எந்த ஒரு மெஷினும் ஒரு கார்டின் வேகத்தைத் தாண்டாது. ஹைப்பர்-வி இல்லாமல் வெறும் ஃபைல் சர்வர் என்றால் பழைய டீமிங் 2022-லும் ஓடும். அங்கேகூட, எதிர்ப்பக்கமும் விண்டோஸாக இருந்து அதிலும் இரண்டு கார்டு இருந்தால், டீமே போடாமல் விடுவது நல்லது. விண்டோஸின் ஃபைல் பகிர்வில் இருக்கும் எஸ்.எம்.பி. மல்டிசானல் வசதி தானாகவே இரண்டு கார்டிலும் இணைப்புப் போட்டு ஒரே காப்பியைப் பிரித்து ஓட்டும்.

கேள்வி: இரண்டு போர்ட் உள்ள ஒரே கார்டு போதாதா?
– வாசகர், வெலிங்டன்

பதில்: கேபிள் பழுதானால் அது போதும், கார்டே பழுதானால் போதாது. மதர்போர்டில் இருக்கும் போர்ட் ஒன்று, பி.சி.ஐ. ஸ்லாட்டில் போட்ட கார்டு ஒன்று என்று சேருங்கள். இரண்டு ஸ்விட்ச் வைத்திருந்தால் இரண்டையும் ஒரே யு.பி.எஸ்.ஸில் மாட்டாதீர்கள்.

கேள்வி: நான் இருப்பது குன்னூரில், சர்வர் கூடலூரில். எஸ்.எஸ்.எச். வழியாக இங்கிருந்தே பாண்ட் செய்துவிடலாமா? செய்த பிறகு எப்படிச் சோதிப்பது?
– கணினிப் பராமரிப்பாளர்

பதில்: வேண்டாம், நேரில் போங்கள். மலைச்சாலையில் ஒரு நாள் போகும் என்றாலும் போங்கள். ஸ்விட்சில் எல்.ஏ.சி.பி. போட்ட நொடியில், சர்வர் இன்னும் அதைப் பேசாததால், பல ஸ்விட்சுகள் அந்தப் போர்ட்டையே நிறுத்திவிடும். உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்புக் கருவியான நெட்பிளானில் 'டிரை' என்று போட்டால் தானாகப் பழையபடி திரும்பும் என்று நம்பியிருப்பவர்கள் உண்டு. பாண்ட் அமைப்புகளை அது திருப்பித் தராது, 'அப்ளை' போடச் சொல்லும். சர்வரில் தனி நிர்வாகப் போர்ட் இருந்தால் அதைப் பாண்டில் சேர்க்காமல் தனிக் கேபிளில் விடுங்கள். அடுத்த முறை பயணம் மிச்சம்.

சோதனைக்கு, ஒரு கணினியிலிருந்து சர்வருக்கு பிங் ஓடிக்கொண்டே இருக்கட்டும், கூடவே ஒரு பெரிய ஃபைலும் காப்பி ஆகட்டும். முதல் கேபிளைப் பிடுங்குங்கள். எம்.ஐ.ஐ. இடைவெளி 100 மில்லிசெகண்டு என்றால் ஒரு பிங் தவறலாம், காப்பி நிற்கக் கூடாது. இரண்டு நிமிடம் விட்டுத் திரும்பக் குத்துங்கள். கோளாறு பெரும்பாலும் இந்தக் குத்தும் நேரத்தில்தான் வெளிப்படும். ஸ்பானிங் ட்ரீ (லூப் ஆகாமல் காக்கும் முறை) ஓடும் ஸ்விட்சில் போர்ட் விளக்கு எரிந்தும் 30 வினாடி வரை டேட்டாவை விடாது. பாண்டோ விளக்கைப் பார்த்ததும் அதை நம்பி டேட்டாவைக் கொட்டும். அந்தப் போர்ட்டுகளில் போர்ட்ஃபாஸ்ட் அல்லது எட்ஜ் என்ற அமைப்பை ஆன் செய்யுங்கள். அது இல்லாத ஸ்விட்ச் என்றால் பாண்டில் அப்டிலேயை (விளக்கு எரிந்த பிறகு காத்திருக்கும் நேரம்) 35000 மில்லிசெகண்டு என்று வையுங்கள். அடுத்து இரண்டாவது கேபிள், அதன் பிறகு ஒரு ஸ்விட்சின் கரண்ட்.

எல்.ஏ.சி.பி. வேகத்தை இரு பக்கமும் 'ஃபாஸ்ட்' ஆக்குங்கள். 'ஸ்லோ'வில் 30 வினாடிக்கு ஒருமுறைதான் பேசும், விளக்கு அணையாமல் செத்த பாதையைக் கண்டுபிடிக்க 90 வினாடி ஆகும். 'ஃபாஸ்ட்'டில் அது 3 வினாடி.

திரும்பி வருவதற்கு முன் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி, குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கிரானில் போடுங்கள். 5 நிமிடத்துக்கு ஒருமுறை மேலே சொன்ன அந்த நிலை ஃபைலைப் படித்து, எந்தக் கார்டாவது 'டவுன்' என்றாலோ, வேகம் 1000-க்குக் கீழே போனாலோ, அக்ரிகேட்டர் எண் வேறுபட்டாலோ உங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பட்டும். ஒரு கேபிள் போனால் பயன்படுத்துபவர்கள் யாருக்கும் தெரியாது. உங்களுக்காவது தெரிய வேண்டும். ஒரு கேபிளைப் பிடுங்கி, மின்னஞ்சல் கைப்பேசிக்கு வந்ததைப் பார்த்த பிறகு கிளம்புங்கள்.